நட்சத்திரத்துக்கு அபராதம்

1951ஆம் வருடம் டிசம்பர் 24, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த மழை அப்போதுதான் நின்றிருந்தது. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று. இராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில், ஆடுகிற ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று நான் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மூங்கில் பிளாச்சு பத்து. சிவப்புத் தாள் நான்கு, மஞ்சள் தாள் இரண்டு. உள்ளே பதினைந்து வாட் பல்பு ஒன்று. ஐந்து முனைகளில் ஒன்று காற்றில் பிய்ந்துவிட்டது. அதைச் சோற்றுப் பசையால் ஒட்டக் கையை உயர்த்தினேன். வேட்டி மடிப்பில் செருகியிருந்த பூட்டு நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கையெல்லாம் மாவு. குனிந்து எடுத்துப் பார்த்தாள்.

"இது இன்னாத்துக்கு?"

நான் பிய்ந்த முனையில் பசையைத் தடவினேன்.

"எவ்ளோ குடுத்தே?"

"ஒண்ணே கால் ரூபா."

"அந்தக் காசுக்கு வெல்லம் வாங்கியாந்திருந்தா இன்னும் ஒரு டப்பா அதிரசம் சுட்டிருப்பேன்" என்றாள். பூட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அரிசிப் பானைக்குள் அது விழுகிற சத்தம் கூடம் வரை கேட்டது.

எதற்கு என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பூட்டை நான் நைனாவுக்காக வாங்கியிருந்தேன்.

ஒரு திருத்தம்

மேலே போவதற்கு முன், போன வாரம் இந்தத் தொடரில் நான் செய்த பிழை ஒன்றைச் சரிசெய்துவிடுகிறேன். புயலுக்குப் பிறகு கரையில் கிடந்த கட்டுமரங்கள் பதினொன்று என்று எழுதியிருந்தேன். பன்னிரண்டு. இரண்டு இரவு இதே யோசனையாகப் புரண்டுவிட்டுப் பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். கேட்டு எழுதிய வாசகர் யாருமில்லை. ஆனாலும் தப்பு தப்புதான்.

இந்த எண்ணும் வியாதி எனக்கு நைனாவிடமிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. கப்பலிலிருந்து கிரேன் இறக்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு. நான்கு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும். முப்பத்திரண்டு வருடம் அப்படிக் கோடு போட்டவர். வீட்டிலும் நாங்கள் சாப்பிடும் இட்லியை அவர் கண் எண்ணிக்கொண்டே இருக்கும். கஞ்சத்தனத்தால் அல்ல. எண்ணாமல் அவரால் ஒரு பொருளைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

மூன்று முறை மொய்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாவது வருடம் அவருக்கு மறதி ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் அதற்கு எங்களுக்குத் தெரிந்த பெயர் வேறு எதுவுமில்லை. டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, "வயசாச்சு, நல்லா தூங்க வையுங்க" என்றார். வயது என்ன வயது, ஐம்பத்தெட்டு.

முதலில் கண்ணாடியை மறந்தார். பிறகு தெருவை. பிறகு ஆட்களை. ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன்: "மணி இன்னா?" என்று காலை ஆறிலிருந்து எட்டுக்குள் பதினான்கு முறை கேட்டார். பதினான்கு முறையும் அம்மா சரியான மணியைச் சொன்னாள். நான் நான்காவது முறையே எழுந்து முன்கூடத்துக்குப் போய்விட்டேன்; மீதியை அங்கிருந்தே எண்ணினேன்.

விசேஷ நாட்களில்தான் மிகவும் கஷ்டம். 1951 தை மாதத்தில் எனக்குக் கல்யாணம். மாதா கோவிலில் திருமண மந்திரிப்பு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருக்கிறோம். நைனா வரிசையில் வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா இருப்பா. யார் வூட்டுப் புள்ள நீ?" என்று கேட்டு ஒரு ரூபாய் மொய் வைத்தார். போய் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் மறுபடி வரிசையில் வந்து இன்னொரு ரூபாய். பிறகு இன்னொன்று. என் மனைவி தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மா மட்டும் சொன்னாள்: "மூணு வாட்டி வாழ்த்தினாரு. யாருக்குக் கெடைக்கும்?"

அம்மாவை அவர் மறந்தது அதற்குப் பிறகு. கோபமாகவெல்லாம் இல்லை. மரியாதையாகவே மறந்தார். "இந்தாம்மா", "வாங்கம்மா" என்று, சாப்பாடு போடுகிற வீட்டுக்கார அம்மாளிடம் பேசுவதுபோலப் பேசுவார். "உங்க கையில கொழம்பு நல்லா கீதும்மா. என் வூட்டுக்காரியும் இப்டித்தான் வெப்பா" என்பார்.

விசில்

இனி விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போர்க்காலத்தில் பட்டணத்தில் இருட்டடிப்பு இருந்தது. விமானத்திலிருந்து குண்டு போடுவார்கள் என்ற பயத்தில், பொழுது சாய்ந்தால் எந்த வீட்டிலிருந்தும் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தெருக்களில் கெடுபிடி இன்னும் அதிகம். தெருவுக்கு ஒரு வார்டன். எங்கள் தெருவின் நாற்பத்தொரு வீடுகளுக்கும் நைனாதான் வார்டன். சர்க்கார் கொடுத்தது ஒரு தகரத் தொப்பி, ஒரு கைப்பட்டை, ஒரு விசில். போர் முடிந்ததும் தொப்பியையும் பட்டையையும் திருப்பிக் கொடுத்தார். விசிலை யாரும் கேட்கவில்லை. கழுத்தில் மாதா உத்தரியம் என்ற சின்னத் துணிப் பதக்கம் தொங்கும் அதே கயிற்றில் அதைக் கோத்துக்கொண்டார்.

அந்தப் போர்க்காலத்துக் கிறிஸ்துமஸ் ஒன்றில் எனக்குப் பத்தொன்பது வயது. நட்சத்திரம் கிடையாது, பாட்டுக் குழு கிடையாது. மாலை ஆறு மணிக்கே தெரு செத்துக் கிடந்தது. என்னால் தாங்க முடியவில்லை. பழைய நட்சத்திரத்தைப் பரணிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் வைத்து, உள்ளே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினேன். ஆறு பத்துக்கு ஏற்றினேன். ஆறு இருபத்திரண்டுக்கு விசில் கேட்டது. நான் ஊதி அணைத்துவிட்டு உள்ளறைக்குள் போய்விட்டேன்.

நைனா உள்ளே வந்தபோது கூடத்தில் அம்மா நின்றிருந்தாள். அடுப்பு மூட்டப் போனவள். கையில் தீப்பெட்டி.

"நீயா கொளுத்தினது?"

அம்மா உள்ளறைப் பக்கம் பார்த்தாள். கதவு இடுக்கில் நான் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நைனா தன் சொந்த வீட்டு எண்ணை நோட்டில் எழுதி மேலே அனுப்பினார். அபராதம் ஐந்து ரூபாய். அவருடைய அன்றைய சம்பளம் முப்பத்தெட்டு. தெருவே சிரித்தது. எங்களுக்கு மீன் போடுகிற கோவிந்தம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மெய்யாலுமே சொந்த வூட்டையே புடிச்சுக் குடுத்த தொர இவருதாம்மே!" என்று நாற்பத்தொரு வீட்டுக்கும் கேட்கச் சொன்னாள்.

பதினேழு நாள் நைனா அம்மாவோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் எந்தச் சின்னச் சண்டை வந்தாலும், "வெளக்கு கொளுத்தி என் மானத்த வாங்கினவதானே நீ" என்று முடிப்பார். அம்மா ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் ஏழெட்டு வருடத்தைத் தள்ளிவிட்டேன். பிறகு கேட்டுக்கொள்ளவே அவருக்கு ஞாபகம் இல்லாமல் போயிற்று.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஏழு தையல்

1950ஆம் வருடக் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. எதிர் வீட்டில் நட்சத்திரம் ஏற்றினார்கள். நைனா அதைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். வீடு வீடாகப் போய், "அணை! அணை! மேல வரான்!" என்று கத்தினார். சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். மூன்று மணி பத்து நிமிடம் தேடினோம்.

போர்க்காலத்தில் வார்டன்களின் காவல் அறையாக இருந்த இடம் இப்போது வாடகை சைக்கிள் கடை. அங்கே சைக்கிள்களுக்கு நடுவே நெற்றியில் ரத்தம் வழிய விறைப்பாக நின்று, தெருவில் எத்தனை வீட்டில் வெளிச்சம் என்று அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். சாக்கடையில் விழுந்து எழுந்து போயிருக்கிறார். கடைக்காரர் நல்ல மனிதர். "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

புருவத்தின் மேல் ஏழு தையல்.

அதன் பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். பண்டிகை அன்று ஆறிலிருந்து ஒன்பது வரை பின்னறையில் வைத்துப் பூட்டிவிடு. மூன்று மணி நேரம்தானே. நான் ஒரு வருடம் யோசித்து, கடைசியில் அந்தப் பூட்டை வாங்கினேன். என் மனைவி முதல் பிரசவத்துக்குத் திருவொற்றியூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அவர் மறுபடி ஓடினால் மழை இருட்டில் நான் ஒருவன்தான் பின்னால் ஓட வேண்டும்.

ஆறு மணி

பூட்டு அரிசிப் பானைக்குள் போன பிறகு நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன்.

"அப்போ நட்சத்திரம் வேணாம்மா. இந்த வருஷமும் உட்டுடலாம்."

"போன வருஷம் நம்ம வூட்ல ஏத்தல. ஓடலியா அவரு?" என்றாள் அம்மா. "ஏத்து. அவரு இல்லாம, வெளக்கும் இல்லாம, எனக்கு இன்னாத்துக்குப் பண்டிகை? எத்தினி முறுக்கு சுட்டுகீறேன் தெரியுமா?"

தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு.

வெளிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சுவிட்சைப் போட்டேன். சிவப்பு வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தெருவில் விழுந்தது. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று எண்ணுவதற்குள் பின்னறையிலிருந்து விசில் வந்தது.

கைலி, பனியன், காதில் பென்சில். கண்ணில் அப்படி ஒரு கூர்மையை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"வூட்டு நம்பர் இன்னா?"

"இருபத்தி மூணு, நைனா."

"நைனா கியினான்னு சொந்தம் கொண்டாடாதே. யாரு கொளுத்தினது?"

அம்மா சமையலறை வாசலில் ஜல்லிக் கரண்டியோடு நின்றிருந்தாள். நைனா திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். அந்தக் கையில் எதையோ தேடுகிறவர்போலப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பேசவில்லை. இந்த முறையும் பேசவில்லை.

என் கண் உள்ளறைக் கதவு இடுக்குக்குப் போயிற்று. இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆனவன், நாளைக்கோ மறுநாளோ பிள்ளை பிறக்கப்போகிறவன்.

"நான்தான்" என்றேன்.

"இந்தம்மா இல்லியா?"

"இல்ல. அன்னிக்கும் நான்தான். சண்டை நடந்தப்போ, ஜன்னலாண்ட மெழுகுவர்த்தி வெச்சது நான்தான். அம்மா கையில தீப்பெட்டி வெச்சிருந்தது அடுப்புக்கு. உள்ள நின்னுகினு நான் சொல்லாம இருந்துட்டேன்."

அவருக்குப் புரிந்ததா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பென்சிலை நாக்கில் தொட்டு, கையில் இருந்த பழைய நோட்டில் ஏதோ எழுதினார். தாளைக் கிழித்து நீட்டினார். 23 என்று எண். கீழே ஐந்து கோடுகள். நான்கு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே.

"அஞ்சு ரூபா."

சட்டைப் பையில் பிரசவச் செலவுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து ஒரு ஐந்து ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போனார்.

"இந்தாம்மா, இத்த வெச்சிருங்க, காலையில கட்டணும். அப்புறம் ஒரு வெசயம்."

"சொல்லுங்க."

"என் வூட்டுக்காரிய சொம்மா பேசிட்டேன். அவ கொளுத்தலியாம். குண்டு பயத்துல ஊருக்குப் போய்கீறா. வந்தா நீங்கோ சொல்லணும்."

"இன்னான்னு சொல்லணும்?"

"தப்பு என்மேலதான்னு."

அம்மா அந்த ஐந்து ரூபாயை முந்தானையில் முடிந்தாள். முடிச்சு போட அவளுக்கு வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று.

"சொல்றேன்" என்றாள். "ஆனா அவ அப்பவே மறந்துட்டா. நீங்கதான் புடிச்சிக்கினு இருந்தீங்க."

மூடி

"வெளக்க அணைச்சிடவா?" என்று கேட்டேன்.

நைனா நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். "நாளைக்குப் பண்டிகையாச்சே" என்றார். "மூடி போட்டா வெச்சிக்கலாம். ரூல் கீது."

அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருந்தது. கறுப்புத் தாளால் மூடி செய்து, வெளிச்சம் நேர் கீழே மட்டும் விழும்படி போட்டால் விளக்கு எரியலாம். கறுப்புத் தாளுக்கு எங்கே போவது? என் ஆபீஸ் பையில் கார்பன் தாள்கள் இருந்தன. ஆறு எடுத்துக் கொடுத்தேன். நைனா ஸ்டூலில் ஏறினார். நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். காலையில் சட்டைக்குப் பித்தான் போடத் தெரியாத விரல்கள், தாளைக் கூம்பாகச் சுருட்டி, ஓரத்தை மடித்து, சோற்றுப் பசை தொட்டு, ஒரு சுருக்கமும் இல்லாமல் ஒட்டின. அவர் கை, என் கை, அம்மாவின் புதுப்புடவை ஓரம், எல்லாம் நீலக் கறுப்பு. பல்புச் சூட்டில் கார்பன் மெழுகு உருகி ஒரு வாசனை வந்தது. அதிரச வாசனையோடு கலந்த அந்த வாசனைதான் எனக்கு இன்றுவரை கிறிஸ்துமஸ்.

முடித்து இறங்கினார். ஜன்னலில் வெளிச்சம் இல்லை. கூடத்துத் தரையில் மட்டும் சிவப்பாக ஒரு வட்டம். அளந்தேன். குறுக்களவு மூன்று அடி இரண்டு அங்குலம்.

ஆறே முக்காலுக்குக் கோவிந்தம்மா வந்து கதவைத் தட்டினாள். வருடா வருடம் அன்றைக்குக் கொஞ்சம் வஞ்சிர மீனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பலகாரத் தட்டை வாங்கிப் போவாள்.

"இன்னாமே, நல்ல நாளும் அதுவுமா வூடு இருண்டு கெடக்குது? அட, நட்சத்திரத்துக்கு முக்காடு போட்டுகீறீங்க!"

"சத்தம் போடாதே" என்றார் நைனா. "உள்ள வந்து குந்து. மூஞ்சிய மேல தூக்காதே. ஏரோப்ளேன்ல இருந்து தெரியும்."

கோவிந்தம்மா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். வட்டத்துக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"என் மூஞ்சியப் பாத்தா அவன் குண்டா போடுவான், அண்ணாத்தே? பயந்துகினு அப்டியே வந்த வழியே பூட மாட்டான்?"

நைனா சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். ஐந்து மாதமாகக் கேட்காத சிரிப்பு.

நால்வரும் அந்த வட்டத்துக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து முறுக்கும் அதிரசமும் தின்றோம். ஏழரைக்குப் பாட்டுக் குழு வந்தது. வாசலில் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கண்டதும் நைனா விசிலை எடுத்தார். குழுவின் பெரியவருக்குப் போன வருடத்துச் சங்கதி தெரியும். "சரிங்க வார்டன்" என்று விளக்கை அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். பதினான்கு பேர் எங்கள் வீட்டு வாசலில் இருட்டில் நின்று பாடினார்கள். நைனா அவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். விரல் முழங்காலின் மேல் கோடு போட்டது. அவர் எங்கும் ஓடவில்லை.

கணக்கு

ஐந்து ரூபாய் மறுநாள் ஆட்டுக்கறியாக வந்தது. அம்மா அதை எந்த கோர்ட்டில் கட்டுவாள்?

அடுத்த வருடமும் சுவிட்சைப் போட்டதும் விசில் வந்தது. அதே கேள்வி, அதே பதில், அதே ஐந்து ரூபாய். அம்மாவிடம் போய் அதே செய்தியை, முதல் முறை சொல்வதுபோலவே சொன்னார். அவளும் முதல் முறை கேட்பதுபோலவே கேட்டாள். கூடத்தில் என் ஒரு வயது மகன் விசிலைப் பிடுங்கப் பார்த்தான்.

மூன்றாவது வருடம் அவரால் ஸ்டூல் ஏற முடியவில்லை. முன் வருடத்து மூடியை நானே மாட்டினேன். அவர் கீழே நின்று சரிபார்த்தார். நோட்டில் எண் எழுத வரவில்லை. கோடுகள் மட்டும் வந்தன, நான்கு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே. பணத்தை வாங்கி அம்மாவிடம் நீட்டினார். சொல்ல வந்த வார்த்தை வாயில் வரவில்லை. நோட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "அவ வந்துட்டா. கேட்டுக்கினா."

தலையை ஆட்டிவிட்டு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தார்.

நான்காவது கிறிஸ்துமஸுக்கு அபராதம் போட ஆளில்லை. மூடி இல்லாமல் நட்சத்திரத்தை ஏற்றினேன். அம்மா கொஞ்ச நேரம் கீழே நின்று பார்த்துவிட்டு, "கண்ணு கூசுதுப்பா" என்று உள்ளே போய்விட்டாள். பரணில் தேடி அந்தக் கார்பன் மூடியை எடுத்து மாட்டினேன்.

கறியாகத் திரும்பி வந்தாலும் கைவிட்டுப் போனது செலவுதான். பூட்டு, ஒன்றே கால் ரூபாய், ஒருநாளும் பூட்டியதில்லை. ஆபீஸுக்குத் திருப்பி வாங்கி வைத்த கார்பன் தாள் ஆறு, ஆறு அணா. அபராதம் மூன்று முறை, பதினைந்து ரூபாய். ஆக மொத்தம் பதினாறு ரூபாய் பத்து அணா.